அமிர்தத்தின் பெயரில் நான்கு துணுக்குகள்

நல்ல பெருங்குடல் உள்ளே பார்க்க அழகாக இருக்கும். இதைச் சொன்னால் எங்கள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள். ஆனால் உண்மை. ஈரமான இளஞ்சிவப்பு, அதன்மேல் பென்சிலால் கீறியதுபோல மெல்லிய ரத்த நாளங்கள், கேமரா வெளிச்சம் பட்டால் ஒரு மினுமினுப்பு. தியாகதுருகத்தில் என் அப்பா விற்ற பட்டில் ஒன்றுகூட அப்படி மினுங்கியதில்லை. மினுங்குவதாகச் சொல்லித்தான் விற்றார், அது வேறு விஷயம்.

உட்காருங்கள் மேடம். ஆதிமூலத்தைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறீர்கள். அவர் என் நோயாளி இல்லை, நோயாளியின் புருஷன். அவர் செய்ததற்கு அவர் கைதான் காரணம், ஆனால் அந்தக் கை அங்கே போய்ச் சேர்ந்ததில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. முதலிலிருந்து சொல்கிறேன். நடுவில் நிறுத்தாமல் விட்டால் சீக்கிரம் முடிந்துவிடும். எழுதிக்கொள்ள வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். தீனதயாளன், வயது நாற்பத்தொன்பது, குடல் மருத்துவர், பன்னிரண்டு வருஷமாகக் கள்ளக்குறிச்சியில்.

கடையில் வளர்ந்தவன் நான். பேரம் என்றால் விலையைக் குறைப்பது என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். அப்பா அப்படிச் சொல்லித்தரவில்லை. வந்தவர் ஜெயித்த நினைப்போடு படி இறங்க வேண்டும், அதற்கு நாம் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்தாக வேண்டும், நமக்கு இழப்பில்லாததாகப் பார்த்து, கொஞ்சம் முனகிக்கொண்டே விட்டுக்கொடுக்க வேண்டும் என்பார். டாக்டரானதும் இந்த வித்தை வீணாகப் போகும் என்று நினைத்தேன். போகவில்லை. குடல் பரிசோதனைக்கு வருகிறவர்களைப் போலப் பேரம் பேசுகிறவர்களைப் புடவைக் கடையில்கூடப் பார்த்ததில்லை. பேதி மருந்தைப் பாதி குடித்தால் போதாதா, குழாய் இதைவிடச் சின்னதாக இல்லையா, மயக்க ஊசி வேண்டாம், குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு படுத்துக்கொள்கிறேன். நான் ஒவ்வொருவருக்கும் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுப்பேன். அதனால் எனக்குத் தங்கமான மனுஷன் என்று பெயர்.

அமிர்தம் போன வருஷம் ஆவணியில் வந்தாள். கரியாலூர்ப் பக்கம் மலைக்காரி, வயது ஐம்பத்தாறு. அருவி பார்க்க வருகிறவர்களுக்கு வேர்க்கடலையும் கொய்யாவும் விற்றுக்கொண்டிருந்தவள். பத்து மாதமாகத் தண்ணீராகப் பேதி. கடையை விட்டுவிட்டு ஓட ஓட, குரங்குகள் வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டனவாம். அவளே சொன்னது.

"எத்தினி தடவை போகுது?" என்று கேட்டேன்.

"எண்றதை வுட்டுட்டேன் சார். எங்கூரு அருவிகூட வெயில் காலத்துல நின்னுடும். என்னுது நிக்கல. டிக்கெட்டு போட்டிருந்தா இந்நேரம் மாடி வூடு கட்டியிருப்பேன்."

"சாரு கேட்டதுக்கு மட்டும் சொல்லு. இன்னா பேச்சு இது," என்றார் ஆதிமூலம். சொல்லிவிட்டு அவள் பக்கமாக மின்விசிறியைத் திருப்பி வைத்தார். அப்படிப்பட்ட மனிதர். கோபம் வாயில் இருக்கும், கை வேறு வேலை செய்யும்.

அவர்கள் கையில் ஒரு கடிதம் இருந்தது. மலையில் ஒரு அறக்கட்டளை நடத்தும் சின்ன ஆஸ்பத்திரியில் இளமாறன் என்று ஒரு இளம் டாக்டர். மலைநோயாளிகள் எல்லோரையும் எனக்குத்தான் அனுப்புவார். கடிதத்தில் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்: தூக்கத்திலிருந்து எழுப்பும் தண்ணீர்ப் பேதி, பதினோரு கிலோ எடைக் குறைவு, பெருங்குடல் பார்க்க நன்றாக இருந்தாலும் தயவுசெய்து வலப் பக்கமும் இடப் பக்கமும் தனித்தனியாகச் சதைத் துணுக்கு எடுத்து லேபுக்கு அனுப்பவும்.

அவர் எழுதியது சரி. எனக்கும் தெரியும். நான் தெரியாமல் செய்ததாக எழுதிவிடாதீர்கள், அது எனக்கு அவமானம். பார்வைக்கு நன்றாக இருக்கும் குடலில் எப்போது சதை எடுக்க வேண்டும், எப்போது எடுக்கக் கூடாது என்பதை நான் டாக்டர்கள் கூட்டத்தில் பேசியே இருக்கிறேன். மலச்சிக்கலுக்கு எடுக்காதே. வெறும் வயிற்றுவலிக்கு எடுக்காதே. நாள்பட்ட தண்ணீர்ப் பேதி என்றால், உள்ளே கண்ணாடிபோல இருந்தாலும் எடு. ஏனென்றால் கேமராவுக்கு முகம் காட்டாத ஒரு அழற்சி உண்டு. நுண்ணோக்கிக்கு மட்டும்தான் தெரியும். ஐம்பது தாண்டிய பெண்களுக்கு அதிகம் வரும். கண்டுபிடித்துவிட்டால் ஒரு கேப்சூல் இருக்கிறது, அநேகம் பேருக்கு இரண்டு மூன்று வாரத்தில் நின்றுவிடும். அமிர்தம் வாசலில் நுழைந்து நாற்காலியில் உட்காருவதற்குள் அதுவாகத்தான் இருக்கும் என்று என் மனதில் பட்டுவிட்டது. இந்தத் தொழிலில் எனக்குக் கண் உண்டு.

அவளை உள்ளே அழைத்துப்போன பிறகு ஆதிமூலம் என் மேஜைக்கு வந்தார்.

"சார், எல்லாம் பாத்துக்கங்க. கிள்ள மட்டும் கிள்ளாதீங்க."

"துளியூண்டு. அரிசிக் குருணை அளவு."

"எந் தம்பிக்கும் அதான் சொன்னாங்க. நாக்குல துளியூண்டு கிள்னாங்க. மூணு மாசத்துல போய்ட்டான். கத்தி பட்டா உள்ள இருக்கறது முழிச்சிக்கும் சார். மலையில எல்லாருக்கும் தெரியும்."

புற்று முதலில் வந்தது, கிள்ளியது பிறகுதான், கிள்ளியதால் வந்ததில்லை என்று விளக்கப் பத்து நிமிஷம் ஆகும். வெளியே ஒன்பது பேர் பேதி மருந்து குடித்துவிட்டு இரண்டே கழிவறைகளை நம்பி உட்கார்ந்திருந்தார்கள். அதுமட்டுமில்லை, அவர் கேட்டது எனக்கு எந்த இழப்பும் இல்லாத பொருள். அப்பாவின் பிள்ளை நான். கொஞ்சம் முனகினேன். பிறகு, "சரி, உங்களுக்காக. கிள்ளலை. வாக்கு," என்றேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அமிர்தத்தின் குடல் அழகாக இருந்தது. அன்றைக்குப் பார்த்ததிலேயே அழகு. எதையும் எடுக்காமல் குழாயை வெளியே எடுத்தேன்.

அவள் மயக்கத்தில்தானே இருந்தாள், எடுத்துவிட்டு எடுக்கவில்லை என்று சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. சொல்லியிருக்கலாம். ஆனால் வாக்கு கொடுத்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் துணியின் சாயத்தைப் பற்றிப் பொய் சொல்வார்கள், பேரம் முடிந்து கைகொடுத்த பிறகு வாக்கு மாற மாட்டார்கள்.

இன்னொரு பக்கம் இளமாறன் இருந்தார். அவரும் ஒன்று கேட்டிருந்தார். கணவர் சம்மதிக்கவில்லை என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் முடிந்திருக்கும். ஆனால் அந்தப் பையன் ஒருமுறை சேலத்து டாக்டர் ஒருவரைப் பற்றி என்னிடமே சொன்னார்: "நோயாளி பயந்தா பேசிப் புரியவைக்கறதும் டாக்டர் வேலைதானே சார்? அவர்கிட்ட இனிமே அனுப்பறதில்ல." நிறையப் படித்துவிட்டு மலையேறும் பிள்ளைகளிடம் இந்தக் கடுமை இருக்கும். அவர் வாயால் என் பெயரும் அப்படி அடிபடுவதை நான் விரும்பவில்லை. ஆக, இரண்டு பேர் இரண்டு விதமாகக் கேட்கிறார்கள், இரண்டு பேரையும் திருப்தியாக அனுப்ப வேண்டும்.

அடுத்து மேஜையில் படுத்திருந்தவர் ராஜாங்கம். தியாகதுருகம் பக்கம் நிலபுலன் உள்ளவர், இருபது வருஷ மலச்சிக்கல். அவருக்கும் குடல் சுத்தமாக இருந்தது. சதை எடுக்க எந்தக் காரணமும் இல்லாத குடல். அதில் வலப் பக்கம் இரண்டு, இடப் பக்கம் இரண்டு என்று நான்கு துணுக்கு எடுத்தேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். நெல் அறுவடை மெஷினைப் பற்றி ஏதோ முனகினார். எழுந்ததும் காபி குடித்துவிட்டு நடந்தே போனார். அவருக்கு ஒரு கெடுதலும் இல்லை.

புட்டியில் பெயர் எழுதுவது எங்கள் நர்ஸ் பௌசியா. அன்றைக்கு நானே எழுதினேன், அமிர்தம் என்று. அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இது ராஜாங்கம் ஐயாவுதுங்களே?"

"அவருக்கு எதுக்கும்மா எடுக்கணும்? மலச்சிக்கல் கேஸ்."

"இல்ல சார், இப்பதான் நான் கிள்ற ஃபோர்செப்ஸ் குடுத்தேன்..."

"பௌசியா, காலையிலேர்ந்து நின்னுகினே இருக்க. போய் டீ குடிச்சிட்டு வா."

போனார். அவர்தான் உங்களிடம் சொன்னார் என்றால் எனக்கு அவர்மேல் வருத்தமில்லை. அவர் கவனம் நல்ல கவனம், நான்தான் பழக்கினேன்.

புட்டிகள் பஸ்ஸில் சேலத்து லேபுக்குப் போயின. என் எண்ணம் எளிது. ராஜாங்கத்தின் குடல் சாதாரணம் என்று வரும், அமிர்தத்தின் பெயரில் அது சாதாரணம் என்று பதிவாகும், ஆதிமூலத்துக்குக் கிள்ளவில்லை, இளமாறனுக்குக் கிள்ளியாகிவிட்டது. அமிர்தத்துக்குப் பேதி நிறுத்த ஏதோ மாத்திரை எழுதிக்கொடுத்தேன். நின்றாலும் நிற்கும் என்று நினைத்தேன்.

பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது. எனக்கும் இளமாறனுக்கும் ஒரே நேரத்தில், வாட்ஸ்அப்பில். அழற்சி இல்லை. ஆனால் சதைக்குள் பழுப்பு நிறத் துகள்கள் இருக்கின்றன, நீண்டகாலமாகப் பேதியாவதற்கு மருந்து சாப்பிடுகிற பழக்கம் உண்டா என்று கேட்டறியவும்.

நிலாவாரைப் பொடி. ராஜாங்கம் இருபது வருஷமாகத் தினமும் வெந்நீரில் கலக்கிக் குடித்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை. அந்தப் பொடி சில வருஷங்களில் குடலின் உட்சதையில் கறை போடும். அதிகமானால் கேமராவிலேயே சிறுத்தைத் தோல்போலத் தெரியும். இவருக்கு அவ்வளவு இல்லை. நுண்ணோக்கிக்கு மட்டும் தெரிந்தது. கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற குடலில் துணுக்கு எடுத்தால் என்னென்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை, வகுப்பில்தான் சொல்ல முடியாது.

இளமாறன் உடனே கூப்பிட்டார். குரலில் ஒரு பரபரப்பு, கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம்.

"சார், அந்தம்மா வூட்ல மூட்டை மூட்டையா கடுக்காய் இருக்கு. புருஷன் காட்ல பொறுக்கி விக்கறவரு. ரகசியமா தின்னுகினு இருக்காங்களா?"

அந்த இடத்தில் நான் ஒரு வினாடி யோசித்தேன். மறைக்க மாட்டேன். பிறகு, "ரிப்போர்ட் அப்படித்தானே சொல்லுது டாக்டர்," என்றேன். அது பொய்யில்லை. ரிப்போர்ட் அப்படித்தான் சொன்னது.

கல்வராயன் மலையில் கடுக்காய் இல்லாத வீடு கிடையாது மேடம். அமிர்தத்தின் வீட்டுக்கூடத்திலேயே மூன்று மூட்டை. சாட்சி தேடி எங்கும் போக வேண்டியதில்லை. உங்கள் துறையில் இப்படி அமைவது அபூர்வம் என்று நினைக்கிறேன்.

அடுத்த வாரம் ஆதிமூலம் தனியாக வந்தார். "கிள்ளலன்னு சொன்னீங்களே சார்? அப்புறம் டெஸ்ட்ல எப்படித் தெரிஞ்சுது?"

"கிள்ளலை. குடலைக் கழுவின தண்ணியை அனுப்பினோம்."

அவர் முகம் தெளிந்தது. நான் வாக்குத் தவறவில்லை என்பதில் அவருக்கு உண்மையாகவே நிம்மதி. பிறகு அது இருண்டது. "ஏன் சார் அப்படிச் செய்றா? நான் இன்னா கொறை வச்சேன்?" என்றார். சில பேருக்கு மனசு அப்படி, கவனிப்பு வேண்டும் என்று செய்வார்கள், கண்காணித்துக்கொண்டால் போதும் என்றேன். புத்தகத்தில் உள்ளதுதான்.

அவர் மூட்டைகளைச் சந்தையில் தள்ளிவிட்டார். அமிர்தத்துக்குப் பேதி நிற்கவில்லை. எப்படி நிற்கும்? கடுக்காய் போன பிறகும் நிற்காததால், வேறெங்கோ ஒளித்து வைத்திருக்கிறாள் என்று முடிவு செய்தார். அவள் காட்டுப் பக்கம் ஒதுங்கினால் பின்னாலேயே போவார். அரிசிப் பானையில் கைவிட்டுத் துழாவுவார். அக்கம்பக்கத்தில் அவளைப் பேதிக்காரி என்று சொன்னவர்கள், இப்போது பொய்க்காரி என்றார்கள்.

தை மாதம் அவளே வந்தாள். மகள் அம்சவள்ளி தாங்கிக்கொண்டு வந்தாள். அம்சவள்ளி அதே ஊரில் கட்டிக்கொடுத்த பெண். அமிர்தம் முப்பத்தாறு கிலோ இருந்தாள். நாக்கு வறண்டிருந்தது. அந்த வாயில் இன்னும் பேச்சு இருந்தது.

"சார், மருந்து வேணாம். எனக்கு ஒரு வார்த்தைதான் வேணும்."

"என்ன வார்த்தை?"

"நான் ஒண்ணும் தின்னலன்னு அந்தாளுகிட்ட சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாரு. முப்பத்தெட்டு வருசமா என் கையால தின்னவரு, இப்ப என் கையை மோந்து பாக்கறாரு சார்."

அம்சவள்ளி கொஞ்சம் காட்டமான பெண். "எங்கம்மா எதுக்கு சார் பொய் சொல்லணும்? பேதி போறதுல இன்னா சொகம் இருக்குதாம்? அந்த டெஸ்ட்ட இன்னொரு தபா பாருங்க. தப்பா இருக்கும்."

அவர்கள் இரண்டு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனி வருவதை நீங்கள் கேட்கவில்லை. யாருக்கும் தெரியாது. நானாகச் சொல்கிறேன்.

அந்தக் கேப்சூல் கீழே என் மருந்துக்கடையிலேயே இருந்தது. துணுக்கு எதுவும் எடுக்காமல், ஒரு சீட்டில் அந்தப் பெயரை எழுதினால் போதும். எட்டு வாரத்துக்கு எழுதியிருக்கலாம். பேனாவைத் திறந்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். அவளுக்கு நின்றுவிட்டால் இளமாறன் விடமாட்டார். இந்த மருந்துக்கு நின்றது என்றால் அந்த நோய்தான், அந்த நோய் என்றால் துணுக்கில் தெரிந்திருக்க வேண்டும், ஏன் தெரியவில்லை, லேபில் இருக்கும் சதையை இன்னொரு முறை பார்க்கலாம் என்பார். அது ஆண் சதை, மரபணு பார்த்தால் தெரிந்துவிடும். ஆக அவள் குணமானால்தான் எனக்குச் சிக்கல். குணமாகாத வரை எல்லாம் ரிப்போர்ட்டோடு பொருந்தியிருந்தது.

பேனாவை மூடினேன். "பழக்கத்தை விட்டுடும்மா. வீட்ல சொல்றதைக் கேளு," என்று உப்புச் சர்க்கரைப் பொட்டலம் எழுதிக்கொடுத்தேன். அமிர்தம் என்னைப் பார்த்தாள். எதையோ புரிந்துகொண்ட பார்வையா, களைப்பா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "நீங்களுமா சார்," என்றாள். சத்தமாகக்கூட இல்லை.

மாசியில் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள் என்று அம்சவள்ளி பிறகு ஊரெல்லாம் சொன்னாள். புருஷன் முன்னால் திண்ணமாக உட்கார்ந்துகொண்டு, வாயில் எதையும் வைப்பதில்லை, தண்ணீர்கூட இல்லை, அப்போதும் போனால் நம்புவாயா என்றிருக்கிறாள். அவரும் பிடிவாதக்காரர், பார்க்கலாம் என்றிருக்கிறார். அம்சவள்ளிதான் கெஞ்சி இரண்டு வேளை கஞ்சியை வாயில் ஊற்றியிருக்கிறாள். மூன்றாம் நாளும் பேதி போனது. அந்த நோய்க்கு அப்படித்தான் போகும். நான்காம் நாள் காலை ஜீப்பில் ஏற்றி மலையிறக்கினார்கள். பாதி வளைவு இறங்குவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

அவள் செய்தது சரியான பரிசோதனை. சாப்பிடாமலிருந்தும் போனால் உள்ளே நோய் இருக்கிறது என்று அர்த்தம், எங்கள் புத்தகத்திலும் இருக்கிறது. படிக்காத பெண் தானாகக் கண்டுபிடித்தாள். ஆனால் கஞ்சி ஊற்றியதால் அதுவும் கெட்டுப்போனது. ஆதிமூலம் நம்பவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து இரண்டு நாள் கழித்து அவர் இங்கே வந்தார். நீங்கள் உட்கார்ந்திருக்கும் அதே நாற்காலி. மொட்டைத் தலை. என்னைத் திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து பௌசியாவை அறைக்கு வெளியே நிற்கச் சொன்னேன். அவர் மன்னிப்புக் கேட்டார். தன் பெண்டாட்டி பொய் சொல்லி என் நேரத்தையெல்லாம் வீணாக்கிவிட்டாளாம்.

"வூடு பூரா தேடிட்டேன் சார். கூரையப் பிரிச்சிப் பாத்துட்டேன். அடுப்படியத் தோண்டிட்டேன். ஒண்ணுமில்ல. எங்க வச்சிருந்தா சார்? அது மட்டும் தெரிஞ்சா போதும். இல்லன்னா..." என்றவர் நிறுத்தினார். "இல்லன்னா அவ சொன்னது நெசமாயிடும் சார்."

அவர் கை என் மேஜைமேல் எதையோ துழாவிக்கொண்டிருந்தது. அவர் எதன் விளிம்பில் நிற்கிறார் என்று தெரிந்தது. இன்னும் ஒரு அடி வைத்தால் உண்மை, அதற்குப் பிறகு அந்த மனிதர் பிழைத்திருக்க மாட்டார். ஒரு மருத்துவனாக நான் யோசிக்க வேண்டியிருந்தது.

"வீட்ல இருந்திருக்காது. வெளியிலேர்ந்து யாராவது கொண்டுவந்து குடுத்திருப்பாங்க," என்றேன்.

துழாவிய கை நின்றது. "அம்சவள்ளிதான் தெனம் கஞ்சி கொண்டாந்தா," என்றார்.

நான் பெயர் சொல்லவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் அவர் மகள் வீட்டுக்கு அரிவாளோடு போவார் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவளுக்கு வெட்டுப்பட்ட வலக்கையைக் காப்பாற்ற முடியாது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். வருத்தம்தான். இளவயசுக்காரி.

ஆனால் நீங்கள் அவரை அப்போது பார்த்திருக்க வேண்டும். எழுந்து கும்பிட்டபோது கை எதையும் துழாவவில்லை. கண்ணில் அந்தத் தவிப்பு இல்லை. கதவுவரை நிமிர்ந்து நடந்தார். அன்று என்னிடம் வந்தவர்களில் நோய் தீர்ந்து போனவர் என்று அவர் ஒருவரைத்தான் சொல்ல முடியும்.